ஜியு-ஜிட்சுவில் முன்னேற வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி வேண்டும்? முழுமையான வழிகாட்டி

எதிராளியைத் தரையில் பிடிபோட்டு மடக்கும் ஜியு-ஜிட்சு வகுப்பு முடிந்து, எல்லோரும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து விரலில் சுற்றிய டேப்பை உரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒருவர், முகத்தில் சிவப்பு இன்னும் அடங்காமல், தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்பார்: "அண்ணா, வாரத்துக்கு எத்தனை நாள் வந்தால் சீக்கிரம் தேறலாம்?" பக்கத்தில் இருப்பவர், "எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாளும் வா" என்பார். அன்பில் சொல்லும் பதில்தான். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தினமும் வந்து, நான்கைந்து மாதத்தில் காணாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு அபாரமான உடல்வாகு இருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை, குடும்பம் எல்லாம் உள்ள ஒருவருக்கு வாரம் மூன்று நாள். தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டு நாள். ஒரே நாள் என்றால் முன்னேற்றம் மிக மெதுவாக இருக்கும். ஆனாலும் விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். நான்கு, ஐந்து என்பதெல்லாம் உடம்பு இடம்கொடுத்த பிறகு. இந்த எண்களைவிட நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது வேறொன்று: ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே விழும் மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள்? உங்கள் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இந்தக் கலையை அடிக்கடி பயில முடிவதற்குக் காரணம்

குத்துச்சண்டைக்காரர்கள் தினமும் முழு வேகத்தில் மோதிக்கொள்ள முடியாது; தலை தாங்காது. ஜியு-ஜிட்சுவில் ஒருவரையொருவர் முழு பலத்தோடு எதிர்த்துப் பயில முடியும். மூட்டு மடங்குகிறது, கழுத்து இறுகுகிறது என்றவுடன் எதிராளியின் தோளில் இரண்டு தட்டு தட்டினால் அவர் விட்டுவிடுவார். இந்த ஏற்பாட்டின் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1882-இல் ஜிகோரோ கானோ தொடங்கிய கோடோகன் ஜூடோ பள்ளியில், ஆபத்தான அடிகளை ஒதுக்கிவிட்டு, மீதியை முழு எதிர்ப்போடு பயிலும் ரன்டோரி முறைக்கு முதலிடம் தந்தார்கள். அந்தப் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து கார்லோஸ் கிரேஸிக்கும், பிறகு தம்பி ஹீலியோவுக்கும் இது வந்தது. இன்று நாம் வகுப்பின் கடைசியில் ஐந்தைந்து நிமிடமாகச் செய்யும் 'ரோலிங்' அந்த ரன்டோரியின் வழிவந்ததுதான்.

ஆகவே உடம்பு உடையாமல் நெடுநாள் பயில வழி இருக்கிறது. அந்த வழியை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை இனி படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: மோசமான வாரத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

சேரும்போது எல்லோரும் நல்ல வாரத்தை மனத்தில் வைத்துத் திட்டம் போடுகிறார்கள். அலுவலகத்தில் வேலை குறைவு, வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, தூக்கம் நன்றாக வருகிறது. அப்படிப்பட்ட வாரத்தில் ஐந்து நாள் வந்துவிட முடியும். கடந்த இரண்டு மாதங்களில் உங்களுக்கு மிகவும் நெருக்கடியாக இருந்த வாரம் எது என்று யோசியுங்கள். அந்த வாரத்தில்கூட எத்தனை மாலைகள் உங்களுக்குக் கிடைத்திருக்கும்? அதுதான் உங்கள் அடிப்படை எண். போக்குவரத்து, குளியல், உடை துவைத்துக் காயவைப்பது எல்லாம் சேர்த்து ஒரு வகுப்பு உங்கள் நாளில் மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'கி' என்னும் தடித்த பருத்தி உடை மழைக்காலத்தில் ஒரே இரவில் காயாது. வாரம் மூன்று நாள் என்றால் இரண்டு கி வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. வகுப்பு ஒன்றரை மணி நேரம், ஆண்டில் 48 வாரம் என்றால், வாரம் இரண்டு நாள் வருபவருக்கு ஆண்டுக்கு 144 மணி நேரப் பயிற்சி கிடைக்கும். மூன்று நாள் என்றால் 216. வாரம் ஐந்து நாள் என்று ஆரம்பித்து 17 வாரத்தில் நின்றுபோனவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 127 மணி நேரம்தான். சத்தமில்லாமல் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தவர் ஆண்டு முடிவில் அவரைத் தாண்டியிருப்பார்.

படி 2: இடைவெளியைச் சரிசெய்யுங்கள்

வாரம் இரண்டு நாள் என்று முடிவு செய்தவர்களில் பலர் சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வசதிதான். ஆனால் ஞாயிறு மாலைக்குப் பிறகு ஐந்து நாள் வெறுமையாகக் கிடக்கிறது. அதே இரண்டு வகுப்பைச் செவ்வாய், வெள்ளி என்று மாற்றினால் மிக நீண்ட இடைவெளி மூன்று நாளாகக் குறைந்துவிடும். பணமும் நேரமும் அதேதான், பலன் வேறு. மூன்று நாள் வருபவருக்குச் செவ்வாய், வியாழன், சனி நல்ல அமைப்பு. திங்கள், செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து வைத்தால் நான்கு நாள் காலியாகிவிடும்.

இதற்குப் பின்னால் உறுதியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 1978-இல் ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரு ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்த பயிற்சியை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரமாக நாளுக்கு இருமுறை. மொத்த மணிக்கணக்கில் பார்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களே குறைந்த நேரத்தில் தேறினார்கள். கூடவே இன்னொரு விஷயமும் தெரிந்தது: தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைவான திருப்தி கொண்டவர்களும் அவர்கள்தான், ஏனென்றால் நாட்கணக்கில் இழுத்தது. இந்த இரண்டாவது விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பரப்பிப் பயிலும்போது மெதுவாகப் போவதுபோல்தான் தோன்றும். அந்த உணர்வை நம்பி ஒரே நாளில் இரண்டு வகுப்பு எடுக்காதீர்கள்.

உடம்பு ஒரு அசைவைப் பதியவைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய வேலை இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு வகுப்பு முடித்து, நள்ளிரவு வரை விழித்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் வாழ்க்கை என்றால், நான்காவது வகுப்பைச் சேர்ப்பதைவிட ஒரு மணி நேரத் தூக்கத்தைச் சேர்ப்பதே ஜியு-ஜிட்சுவுக்குச் செய்யும் நன்மை.

படி 3: முதல் மூன்று மாதம், இரண்டே நாள்

ஆர்வம் உச்சத்தில் இருக்கும் காலம் இது. தினமும் போக வேண்டும்போல இருக்கும். இருந்தாலும் இரண்டில் நில்லுங்கள். தசை சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள் அப்படியல்ல, அவை மெதுவாகத்தான் பலம் பெறும். விரல் கணுக்கள், முழங்கையின் உள்பக்கம், கழுத்து, விலா ஆகியவை வெளியே எந்த வேலையிலும் இப்படி இழுபட்டிருக்காது. மூச்சு தாங்குகிறது, தசை வலி போய்விட்டது என்பதை வைத்து உடம்பு தயார் என்று எண்ணிவிடுவது எளிது.

எனக்கே நடந்தது இது. சேர்ந்து இரண்டாம் மாதம், விடுமுறை கிடைத்த தெம்பில் வாரம் ஆறு நாள் போனேன். மூன்றாவது வாரத்தின் ஆறாம் நாள், என்னைவிடக் கனமான ஒருவர் சைட் கண்ட்ரோலில், அதாவது பக்கவாட்டிலிருந்து என் நெஞ்சுக்குக் குறுக்கே, மேலே படுத்திருக்க, அவர் அடியிலிருந்து வெளியேற இடுப்பைத் திருப்பினேன். இடது விலாவின் கீழ்ப்பக்கம் சின்னதாக ஒரு சொடுக்கு. அன்று பெரிதாக வலிக்கவில்லை. மறுநாள் காலை தும்மியபோதுதான் தெரிந்தது. அவர்மேல் தவறு எதுவும் இல்லை. களைத்துப்போன இடுப்பு நகர மறுத்ததால் முதுகை மட்டும் முறுக்கியிருக்கிறேன். ஆறு வாரம் பாயில் கால் வைக்க முடியவில்லை. கூடுதலாகப் போன பன்னிரண்டு வகுப்புக்கு விலையாக, போயிருக்க வேண்டிய பன்னிரண்டு வகுப்பையும் இழந்தேன்.

இந்த மூன்று மாதத்தில் வெற்றி தோல்வி பார்க்க வேண்டாம். விழக் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்பை நகர்த்தும் ஷ்ரிம்ப், இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் இரண்டும் யோசிக்காமல் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரத்தில் தட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கையை நீட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் ஆர்ம்பார் பிடியில் கை நேராகிவிட்ட பிறகு தட்டுவது தாமதம். பிடி முழுமையாக விழுந்துவிட்டது, தப்ப வழியில்லை என்று தெரிந்த கணமே தட்ட வேண்டும். நன்றாகத் தட்டத் தெரிந்தவர்தான் அடுத்த வகுப்புக்கு வருகிறார்.

படி 4: மூன்று நாளுக்கு மாறுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

மூன்று நாள் ஏன் போதும் என்பதை ஒரே ஓர் உத்தியை வைத்துக் காட்டுகிறேன். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கவிழ்க்கும் சிசர் ஸ்வீப்பை எடுத்துக்கொள்வோம். க்ளோஸ்டு கார்டில் மல்லாந்து, எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டியிருக்கிறீர்கள். ஒரு கை அவர் காலரில், இன்னொரு கை அவர் சட்டைக் கையில். பூட்டைத் திறந்து, இடுப்பை ஒருபக்கம் நகர்த்தி, மேல்காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை அவர் வயிற்றுக்குக் குறுக்கே வைக்கிறீர்கள். கீழ்க்கால் தரையோடு அவர் முழங்காலை ஒட்டிக் கிடக்கிறது. பிறகு கத்தரிபோல இரண்டு காலையும் வெட்ட, அவர் சாய்ந்து விழ, நீங்கள் மேலே உட்கார்ந்திருப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் இதைக் காட்டுகிறார். அன்று உங்களுக்குப் பிடிபடுவது வரிசை மட்டும்: எந்தக் கை, எந்தக் கால், எது முதலில். எதிர்ப்பே காட்டாத ஜோடியிடம் பத்துமுறை செய்து பார்க்கிறீர்கள், விழுகிறார். மகிழ்ச்சி.

வியாழக்கிழமை அதே ஜோடி கொஞ்சம் எதிர்க்கிறார். விழ மறுக்கிறார். கால் வெட்டுகிறது, ஆனால் அவர் குதிகால்மேல் கனமாக உட்கார்ந்தே இருக்கிறார். அப்போதுதான் தெரிகிறது, கால் வெட்டும் முன் காலரை உங்கள் நெஞ்சுக்கு இழுத்து அவர் எடையை உங்கள் காலின்மேல் ஏற்ற வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமையே பயிற்சியாளர் இதைச் சொல்லியிருப்பார். காதில் விழுந்திருக்கும், உடம்பில் விழுந்திருக்காது.

சனிக்கிழமை ரோலிங். இப்போது அவர் முழுப் பலத்தோடு எதிர்க்கிறார், நீங்கள் இழுத்தவுடன் பின்னால் சாய்கிறார். ஸ்வீப் நடக்கவில்லை. ஆனால் எப்போது இழுத்தால் அவர் முன்னால் வருவார் என்ற நொடியை முதன்முதலாகக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். வரிசை, எடை, நேரம் ஆகிய மூன்றும் ஒரே வாரத்துக்குள், ஒன்று மறக்கும் முன் அடுத்தது வந்து சேர்ந்திருக்கிறது. வாரம் ஒரு நாள் வருபவருக்கு இதே மூன்று பாடம் மூன்று வாரத்தில் பரவிக் கிடக்கும். இரண்டாவது வாரம் வரும்போது வரிசையே மறந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

ஆகவே மூன்று நாளையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். ஒரு நாள் புதியதைக் கற்க, ஒரு நாள் அதைக் குறைந்த எதிர்ப்போடு சோதிக்க, ஒரு நாள் முழு வேகத்தில் ரோலிங். உங்கள் பயிற்சியகத்தில் ஒவ்வொரு வகுப்பும் வெவ்வேறு உத்தியைக் காட்டினாலும் பரவாயில்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், ஒருவரைக் கேட்டுக்கொண்டு, இந்த மாதத்துக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட ஓர் உத்தியை அவரிடம் செய்து பாருங்கள். மாதத்துக்கு ஒன்று போதும்.

படி 5: சுமையை எண்ணில் எழுதுங்கள்

உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் தந்த எளிய முறை ஒன்று இருக்கிறது. வகுப்பு முடிந்து அரை மணி நேரம் கழித்து, அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். அதை வகுப்பின் நிமிடங்களால் பெருக்குங்கள். செவ்வாய் 90 நிமிடம், கடினம் 4 என்றால் 360. வியாழன் 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. சனிக்கிழமை ரோலிங் 90 நிமிடம், கடினம் 8 என்றால் 720. வாரத்தின் மொத்தச் சுமை 1,620.

இப்போது நான்காவது நாளைச் சேர்க்க நினைக்கிறீர்கள். அதுவும் சனிக்கிழமை போன்ற கடினமான நாள் என்றால் மொத்தம் 2,340 ஆகிவிடும். ஒரே தாவலில் 44 சதவீதம் கூடுகிறது. அதற்குப் பதில் ஒரு மணி நேரம், கடினம் 4 என்ற அளவில் மெதுவான பயிற்சி என்றால் 240தான் கூடும். நாளின் எண்ணிக்கை இரண்டிலும் நான்குதான். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதி வந்தால், எந்த வாரத்துக்குப் பிறகு முழங்கால் வலித்தது என்று இரண்டே மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 6: எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது

தொடர்ந்து எட்டு வாரம் மூன்று நாளைத் தவறாமல் முடித்து, காலையில் விரலை மடக்கும்போது விறைப்பு இல்லாமல், வகுப்புக்குப் போக மனம் முந்திக்கொண்டு நின்றால் நான்காவது நாளைச் சேருங்கள். அதுவும் மெதுவான நாளாகவே சேருங்கள். ஐந்தாவது நாள் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. போட்டியாளர்களும் கற்பிப்பவர்களும்தான் அதற்கு மேல் போகிறார்கள். அவர்களுடைய நாள் முழுவதும் அதற்கென அமைந்தது.

குறைக்க வேண்டிய அறிகுறிகளை அசட்டை செய்யாதீர்கள். பிடி சட்டென்று தளர்வது, இரவு உடம்பு களைத்தும் தூக்கம் வராதது, வழக்கமாகத் தப்பித்துவிடும் நிலையில் சிக்கிக்கொள்வது, ஜோடியிடம் எரிச்சல் வருவது. கடைசியாகச் சொன்னது வந்தால் அன்றே நிறுத்துங்கள்; எரிச்சலோடு பிடிக்கும் ஆர்ம்பார் இன்னொருவரின் முழங்கையைக் கெடுத்துவிடும்.

காய்ச்சல் என்றாலும், தோலில் படர்தாமரை, கொப்புளம், சீழ்ப்புண் எது தென்பட்டாலும், எண்ணிக்கையை மறந்துவிட்டு வீட்டில் இருங்கள். ஒருவர் கொண்டுவரும் தொற்று வகுப்பில் மற்றவர்களுக்கும் எளிதில் பரவிவிடும். மருத்துவரிடம் காட்டி, முழுதாகக் குணமான பிறகு வாருங்கள். இதில் சமரசமே கிடையாது.

படி 7: வராத நாளில் பத்து நிமிடம்

வீட்டில் ஒரு பாயை விரித்து ஷ்ரிம்ப் இருபது, பிரிட்ஜ் இருபது, கழுத்தையும் தோளையும் தளர்த்தும் அசைவுகள். பிறகு நோட்டில் மூன்று வரி: என்ன கற்றேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்த முறை யாரிடம் எதைக் கேட்க வேண்டும். வீடியோ பார்ப்பதாக இருந்தால், நேற்று நீங்கள் மாட்டிக்கொண்ட நிலையைப் பற்றியதை மட்டும் பாருங்கள்.

வயது, போட்டி, பெல்ட்

போட்டிகளில் 30 வயதிலிருந்தே 'மாஸ்டர்ஸ்' என்ற தனிப் பிரிவு இருக்கிறது. உடம்பு தேறிவர நேரம் பிடிக்கும் என்பதை நாற்பது வயதுக்காரர் யாரும் சொல்லாமலே அறிவார். நாற்பதுக்கு மேல் சேர்பவர்களுக்கு மூன்று நாள் போதும். அதில் முழு வேக ரோலிங் ஒரே ஒரு நாள். ரோலிங்கில் யாரோடு சேர்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கு இரண்டு நாள் போதும். மற்ற நாளில் ஓடி விளையாடட்டும்.

போட்டியில் இறங்குபவர் ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பிருந்து ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளலாம். தொடக்கநிலையினரின் வெள்ளை பெல்ட் போட்டி ஐந்து நிமிடம். ஆகவே ஐந்து நிமிட ரோலிங்கை நின்ற நிலையிலிருந்தே தொடங்கிப் பழகுங்கள். கடைசி வாரத்தில் சுமையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது, காயம் மட்டும்தான் வாங்க முடியும்.

பெல்ட் பற்றியும் கேட்பார்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் பொது விதிப்படி பெரியவர்கள் நீலத்தில் குறைந்தது 2 ஆண்டும், ஊதாவில் ஒன்றரை ஆண்டும், பழுப்பில் 1 ஆண்டும் இருக்க வேண்டும். நடைமுறையில் கறுப்பு பெல்ட்டுக்குப் பத்து ஆண்டு ஆவது சாதாரணம். ஹவாயைச் சேர்ந்த பி.ஜே.பென், தொடங்கி நான்கு ஆண்டுகூட நிறைவதற்குள் கறுப்பு பெல்ட் பெற்று, 2000-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் கறுப்பு பெல்ட் பிரிவில் வென்றார். பிரேசிலுக்கு வெளியே பிறந்த ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல்முறை. பெரிய சாதனை. உங்கள் அட்டவணைக்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

விட்டுப்போய்த் திரும்பி வரும்போது

எல்லோருக்கும் இடைவெளி விழும். திருமணம், பிரசவம், வேலை மாற்றம், காயம். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டால், திரும்பும் முதல் வாரம் வழக்கத்தைவிட ஒரு நாள் குறைவாக வாருங்கள். முதல் வகுப்பில் உத்தி மட்டும், ரோலிங் வேண்டாம். இரண்டாம் வகுப்பில், நீங்கள் நம்பும் ஒருவரோடு, மெதுவாக, இரண்டே சுற்று. தொடங்கும் முன் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆறு வாரம் கழித்து வருகிறேன், இடது விலா இன்னும் சரியாகவில்லை." நான் ஆறு வாரம் கழித்துத் திரும்பிய அன்று இதைத்தான் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் தலையசைத்து, என் இடது பக்கம் வராமல், வலது கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.